பறக்கும் சின்னப் பூச்சிகளைக் கையில் பிடித்த கேமராவில் கூர்மையாக எடுப்பது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: சின்னப் பொருள்களை மிக அருகிலிருந்து பெரிதாக எடுக்கும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். பூக்களைத் தேடி வரும் தேனீ, ஹோவர்ஃப்ளை (அந்தரத்தில் நின்று பறக்கும் ஒரு வகை ஈ) போன்ற சின்னப் பூச்சிகளை, ட்ரைபாட் இல்லாமல் கையில் பிடித்தபடியே எடுக்கிறீர்கள். ஷட்டர் வேகம் 1/1000 நொடி, அபெர்ச்சர் (ஒளி நுழையும் லென்ஸ் துளை; எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது) எஃப் 2.8. ஆனாலும் படங்கள் மங்கலாகவே வருகின்றன. ஷட்டர் வேகத்தை இன்னும் கூட்டுவதா, ட்ரைபாட் வாங்குவதா, இல்லை லென்ஸிலேயே குறையா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் உண்மையில் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: படம் எதனால் மங்குகிறது? பல வருடங்களாக இந்த வகைப் படங்களை எடுத்தும் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நீங்கள் எழுதியிருக்கும் செட்டிங்கைப் பார்த்தால் முதல் காரணம் கை நடுக்கமாக இருக்க வாய்ப்பு குறைவு. லென்ஸும் நன்றாகத்தான் இருக்கும். ஃபோகஸ் விழுந்த இடம் வேறு, பூச்சி இருந்த இடம் வேறு. உங்கள் படங்களைப் பார்க்காமல் சொல்வதால் இது ஊகம்தான். ஆனால் நீங்களே சரிபார்த்துக்கொள்ள வழி இருக்கிறது.

மங்கலான படம் ஒன்றைக் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். பூச்சி மங்கி, பூவின் ஒரு மகரந்தத் தண்டோ, இலையின் ஒரு ரோமமோ, பூச்சியின் பின்னங்காலோ மட்டும் ஊசி போலக் கூர்மையாக இருந்தால், அது ஃபோகஸ் தவறிய படம். எங்குமே கூர்மை இல்லாமல், ஒளிப்புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருந்தால், கேமரா அசைந்திருக்கிறது. பூ தெளிவாக இருந்து பூச்சி மட்டும் இழுபட்டிருந்தால், அசைந்தது பூச்சி. ஃபிளாஷ் போட்ட படத்தில் கூர்மையான உருவத்தின் ஓரத்தில் இன்னொரு மங்கல் நிழலுருவம் ஒட்டிக்கொண்டிருந்தால், வெயிலும் ஃபிளாஷும் கலந்து இரண்டு உருவங்களாகப் பதிந்திருக்கின்றன. எதுவும் இழுபடாமல், படம் முழுக்க ஒரே சீராக மென்மையாக இருந்தால், அபெர்ச்சரை அளவுக்கு மீறிச் சுருக்கியிருக்கலாம். இந்த ஐந்துக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் நிலைமை மோசமாகக்கூடும். உங்களுக்கு நடந்திருப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன்: அசைவை நிறுத்த ஷட்டர் வேகத்தைக் கூட்டினீர்கள், அதற்கு வெளிச்சம் போதாமல் அபெர்ச்சரை எஃப் 2.8 வரைக்கும் திறந்தீர்கள். அதனால் கூர்மையாகத் தெரியும் ஆழம் கிட்டத்தட்ட இல்லாமல் போய்விட்டது.

அந்த ஆழம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கும். பூச்சியின் உருவம் சென்சாரில் அதன் உண்மையான அளவிலேயே விழுவதை 1:1 என்கிறோம். ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில், 0.03 மி.மீ. வரையிலான மங்கலைக் கண் பொறுத்துக்கொள்ளும் என்ற வழக்கமான அளவுகோலை வைத்தால், 1:1-இல் எஃப் 2.8-க்குக் கிடைக்கும் ஆழம் சுமார் 0.34 மி.மீ. மட்டுமே. எஃப் 11-க்கு வந்தால் சுமார் 1.3 மி.மீ. ஒரு தேனீயின் தலையே சில மில்லிமீட்டர் அகலம் என்பதால், எஃப் 2.8-இல் அதன் ஒரு கண் கூட முழுதாகக் கூர்மைக்குள் வராது. மறுபக்கம் நம் உடம்பைப் பாருங்கள். குனிந்து நிற்கும் மனிதன் அசையாமல் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தாலும், மூச்சிலும் உடல் சமநிலையிலும் முன்னும் பின்னும் சில மில்லிமீட்டராவது ஆடிக்கொண்டேதான் இருப்பான். மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு தடிமன் உள்ள ஒரு தளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தானும் ஆடி, ஆடுகிற பூச்சியின் கண்ணில் அதைப் பொருத்தப் பார்க்கிறோம். பொருந்தாமல் போவதில் ஆச்சரியமே இல்லை.

லென்ஸில் நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று தோன்றலாம். அது கேமரா மேலும் கீழும் சாய்வதைச் சரிசெய்யும். 2009-இல் வந்த கேனான் 100 மி.மீ. மேக்ரோவிலிருந்து சில லென்ஸ்களில் பக்கவாட்டு நகர்வையும் சேர்த்தே சரிசெய்கிறார்கள். அந்த லென்ஸுக்கே, தொலைவில் உள்ள பொருளுக்கு நான்கு ஸ்டாப், 1:1-இல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்காவது அல்லது பாதியாவது) என்றுதான் தயாரிப்பாளரே கணக்குச் சொன்னார்கள். ஆனால் முன்பின் ஆட்டத்தை எந்த ஸ்டெபிலைசரும் சரிசெய்வதில்லை. மேக்ரோவில் நம்மைக் கவிழ்ப்பதே அந்த ஆட்டம்தான். ஸ்டெபிலைசரைப் போட்டு வையுங்கள், வியூஃபைண்டரில் உருவம் நிலையாகத் தெரிய உதவும். அதற்கு மேல் அதை நம்பாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதல் வேலைக்குச் செலவே இல்லை: உருப்பெருக்கத்தைக் குறையுங்கள். லென்ஸில் 1:1 இருக்கிறது என்பதற்காக அங்கேயே நின்று எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 1:2-க்கு வந்தால், அதாவது பூச்சி சென்சாரில் பாதி அளவில் விழுந்தால், அதே எஃப் 11-இல் ஆழம் 1.3-லிருந்து சுமார் 4 மி.மீ. ஆகிவிடுகிறது. மூன்று மடங்கு. இன்றைய 24 மெகாபிக்சல் சென்சாரில் 1:2-இல் எடுத்து நடுப்பகுதியை வெட்டிக்கொண்டாலும், திரையில் பார்க்கவும் நடுத்தர அளவில் அச்சிடவும் போதுமான விவரம் இருக்கும். கூட்டுக்கண்ணின் அறுகோணங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய வேண்டும் என்றால் இது போதாதுதான். ஆனால் அது உட்கார்ந்திருக்கும் பூச்சிக்கான வேலை. பறக்கும் பூச்சிக்கு நான் 1:3 முதல் 1:2 வரைதான் பரிந்துரைப்பேன். சட்டகத்துக்குள் பூச்சியைக் கொண்டுவருவதும் அப்போது எளிது.

அடுத்தது அபெர்ச்சர். இங்கே இரண்டு பக்கமும் இடிக்கும். சுருக்கச் சுருக்க ஆழம் கூடும். கூடவே, சின்னத் துளை வழியே போகும் ஒளி பரவுவதால் படம் முழுக்க மென்மையாகத் தொடங்கும். டிஃப்ராக்‌ஷன் என்பது இதுதான். மேக்ரோவில் பலர் கவனிக்காத ஒரு விஷயம், அருகே போகப் போக அபெர்ச்சர் எண்ணின் விளைவே மாறிவிடுகிறது. 1:1-இல் நீங்கள் வைக்கும் எஃப் 11, நடைமுறையில் சுமார் எஃப் 22 போல நடந்துகொள்கிறது: வெளிச்சம் இரண்டு ஸ்டாப் குறையும், டிஃப்ராக்‌ஷனும் எஃப் 22 அளவுக்கு வரும். அந்த நிலையில் ஒரு ஒளிப்புள்ளி சென்சாரில் சுமார் 0.03 மி.மீ. வட்டமாகப் பரவுகிறது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் ஒரு பிக்சல் 0.006 மி.மீ. என்பதால், அது ஐந்து பிக்சல் அகலம். முழு அளவில் பெரிதாக்கினால் லேசாகத் தெரியும், சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. அதற்கும் மேலே சுருக்கினால் லாபத்தைவிட நஷ்டம் அதிகம். இவ்வளவு வரை இயற்பியல், சந்தேகமே இல்லை. எந்த எண்ணில் நிற்பது என்பது மட்டும் அவரவர் ரசனை. நான் 1:1-இல் எஃப் 8 முதல் 11 வரை, 1:2-இல் எஃப் 11 முதல் 16 வரை வைப்பேன். இன்னொரு சின்னக் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன்: நிக்கான் கேமராக்கள் அதன் மேக்ரோ லென்ஸ்களோடு அருகே போகும்போது இந்த மாறிய எண்ணையே திரையில் காட்டும், கேனான் நாம் வைத்த எண்ணையே காட்டும். இணையத்தில் ஒருவர் சொல்லும் எஃப் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதற்கு முன் அவர் கையில் எந்தக் கேமரா என்று பாருங்கள்.

இவ்வளவு சுருக்கினால் வெளிச்சத்துக்கு எங்கே போவது? இங்கேதான் ஃபிளாஷ் வருகிறது. உங்கள் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். சாதாரணமாகக் கேமரா மேல் மாட்டும் ஸ்பீட்லைட் முழு சக்தியில் எரிந்தால் அதன் ஒளி சுமார் 1/1000 நொடி நீடிக்கும். சக்தியைக் குறைத்தால் ஒளியின் பிரகாசம் குறைவதாகத் தோன்றினாலும், உண்மையில் குறைவது அது எரியும் நேரம்தான். 1/16 சக்தியில் பல மாடல்களில் அது 1/10,000 நொடி அளவுக்கு வந்துவிடும். 1/64, 1/128-இல் 1/30,000-ஐயும் தாண்டும். ஷட்டர் 1/200-இலேயே இருக்கட்டும். படத்தைப் பதிவு செய்வது ஃபிளாஷ் மட்டும்தான் என்றால், உங்களுடைய உண்மையான ஷட்டர் வேகம் 1/10,000.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று ஒரு தேனீயை வைத்துப் பார்ப்போம். பூவின் முன்னால் கிட்டத்தட்ட நின்றபடி மிதக்கும் தேனீ, நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் மெதுவாக நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/1000 நொடியில் அது 0.1 மி.மீ. நகரும். கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் 1:1-இல் சென்சாரிலும் அதே 0.1 மி.மீ. இழுபடும், அதாவது 17 பிக்சல். கண்ணின் விவரம் அத்தனையும் போய்விடும். 1/10,000-இல் அதே நகர்வு 2 பிக்சலுக்கும் குறைவு. நீங்கள் 1/1000 போதும் என்று நினைத்ததில் தவறில்லை, மனிதர்களையும் வாகனங்களையும் எடுக்க அது நல்ல வேகம்தான். மேக்ரோவில் உருவத்தோடு சேர்ந்து அசைவும் பெரிதாகிறது.

இறக்கையின் கதை வேறு. தேனீ நொடிக்கு சுமார் 230 தடவை இறக்கையடிக்கிறது, ஒவ்வொரு வீச்சும் சுமார் 90 பாகை என்று 2005-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். ஒரு செ.மீ. நீள இறக்கை என்று வைத்தால் அதன் நுனி சராசரியாக நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் போகிறது. 1/1000 நொடியில் 7 மி.மீ., 1/10,000-இல் 0.7 மி.மீ., 1/30,000-இலும் 0.2 மி.மீ.க்கு மேல். ஆகவே சாதாரண ஸ்பீட்லைட்டில் தேனீயின் இறக்கை நுனியை முழுக்க உறைய வைப்பது கிட்டத்தட்ட முடியாது. இறக்கை மேலேயும் கீழேயும் திரும்பும் கணத்தில் வேகம் குறையும், அந்தக் கணத்தில் ஃபிளாஷ் எரிந்தால் நரம்புகள் வரை தெரியும், அது அதிர்ஷ்டம். கொசு இதைவிட வேகமாக அடிக்கும், தட்டான் நொடிக்கு சில பத்துகள்தான், பட்டாம்பூச்சி அதைவிட மெதுவாக. தட்டானிலும் பட்டாம்பூச்சியிலும் இறக்கைக் கூர்மையை எதிர்பார்க்கலாம். தேனீயிலும் ஈயிலும் கண், முகம், உணர்கொம்பு கூர்மையாக வந்தாலே அது நல்ல படம்தான். இறக்கை நுனி கொஞ்சம் மங்கியிருந்தால் அது பறக்கிறது என்பதும் தெரியும், எனக்கு அது பிடிக்கவும் செய்யும்.

ஃபிளாஷ் மட்டும்தான் படத்தைப் பதிகிறது என்பதை எப்படி உறுதிசெய்வது? ஃபிளாஷை அணைத்துவிட்டு அதே செட்டிங்கில் ஒரு படம் எடுங்கள். கிட்டத்தட்ட கறுப்பாக வந்தால் சரி. பூச்சியின் உருவம் அதில் அடையாளம் தெரிகிறது என்றால், சூழல் வெளிச்சம் தனியாக ஒரு மங்கல் உருவத்தைப் பதியும். நல்ல வெயிலில் இது உண்மையான தொல்லை. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 200, ஷட்டர் 1/200, எஃப் 11 என்று வைத்து வெயிலில் 1:2-இல் எடுத்தால், சூரிய ஒளி மட்டுமே படத்தைச் சரியான வெளிச்சத்தில் பதிந்துவிடும். ஃபிளாஷ் அதன்மேல் இன்னொரு உருவத்தைப் போடும். ஐஎஸ்ஓவை 100 ஆக்கி, எஃப் 16-க்குப் போனால் இரண்டு ஸ்டாப் இறங்கும். அதைவிட நல்ல வழி, நிழலில் இருக்கும் பூக்களைத் தேர்ந்தெடுப்பது, அல்லது வெயில் ஏறும் முன்பும் இறங்கிய பின்பும் போவது. இல்லையென்றால் உங்கள் நிழல் படும்படி நின்று பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். உட்கார்ந்து தேன் குடிக்கும் பூச்சிக்குச் சில சமயம் எடுபடும். பறப்பது நிழல் விழுந்ததும் விலகிவிடும்.

ஃபிளாஷோடு வேகமான ஷட்டரையும் பயன்படுத்த ஹை ஸ்பீட் ஸிங்க் என்று ஒரு வசதி இருக்கிறதே, அதில் 1/4000 வைக்கலாமே என்று அடுத்து தோன்றும். அதில் ஃபிளாஷ் ஒரே வெட்டாக எரியாமல், ஷட்டர் திரை சென்சாரைக் கடக்கும் நேரம் முழுவதும் துடித்துத் துடித்து எரிகிறது. அதனால் அசைவை நிறுத்தும் வேலை மறுபடியும் ஷட்டருக்கே போய்விடும். சக்தியும் பெருமளவு வீணாகும். வெயிலைக் கட்டுப்படுத்த அது உதவும், அசைவை நிறுத்த 1/16 சக்தியில் சாதாரண ஃபிளாஷே மேல்.

குறைந்த சக்தியில் போதுமான வெளிச்சம் வேண்டுமென்றால் ஃபிளாஷ் பூச்சிக்கு அருகில் இருக்க வேண்டும். அப்படி அருகில் வரும் ஒளியைப் பரப்பி மென்மையாக்கத்தான் டிஃப்யூசர். பூச்சியின் ஓடு வார்னிஷ் பூசியது போலப் பளபளக்கும். ஃபிளாஷ் நேராக அடித்தால் வெள்ளைப் புள்ளிகளாக எரிந்து, அந்த இடத்தில் விவரமே இருக்காது. ஃபோகஸ் சரியாக இருந்தாலும் கண் அதை மங்கல் என்றே எடுத்துக்கொள்ளும். லென்ஸின் முனைக்கு மேலே, பூச்சியை நோக்கிக் கவிந்தபடி, வெள்ளைத் தாளோ மெல்லிய வெள்ளை பிளாஸ்டிக்கோ அகலமாக வரும்படி நீங்களே செய்துகொள்ளலாம். பூச்சியின் இடத்திலிருந்து பார்த்தால் அந்த வெள்ளைப் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, ஒளி அவ்வளவு மென்மை. பரப்பு அருகே வந்தால் மென்மை கூடுகிறது, தேவைப்படும் சக்தியும் குறைகிறது, அதனால் ஃபிளாஷ் நேரமும் சுருங்குகிறது. ஒரே மாற்றத்தில் மூன்று லாபம் என்பதால், நான் லென்ஸைவிட டிஃப்யூசருக்குத்தான் அதிக நேரம் செலவழிப்பேன். ஃபிளாஷை ஆட்டோவில் விடாமல் மேனுவலில் வையுங்கள். உருப்பெருக்கத்தை நீங்கள் மாற்றாத வரை பூச்சிக்கும் ஃபிளாஷுக்கும் உள்ள தூரம் மாறாது. ஒருமுறை உங்கள் விரலையே படமெடுத்துச் சரிபார்த்த சக்தி நாள் முழுக்கப் பொருந்தும். மேனுவலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆட்டோவில் அளவெடுக்க ஒரு முன்-ஃபிளாஷ் எரியும். இலை மேல் உட்காரும் பச்சை மினுமினுப்பான நீள்கால் ஈக்கள் அந்த முன்-ஃபிளாஷுக்கே எழுந்துவிடுவதைப் பலரும் பார்த்திருக்கிறோம். மற்றப் பூச்சிகளில் பெரும்பாலானவை ஃபிளாஷைக் கண்டுகொள்வதில்லை.

இனி கையும் உடம்பும். ஆட்டோஃபோகஸை அணைத்து, வேண்டிய உருப்பெருக்கத்தில் ஃபோகஸ் வளையத்தை நிறுத்திவிடுங்கள். அப்புறம் வளையத்தைத் தொடவே வேண்டாம். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, முடிந்தால் உட்கார்ந்தோ ஒரு முழங்காலை ஊன்றியோ, உடம்பையே மெதுவாக முன்னே சாய்த்துக் கொண்டுபோங்கள். வியூஃபைண்டரில் முதலில் உணர்கொம்பின் நுனி தெளியும், அடுத்து முகம், அடுத்து கண். கண் தெளிந்த பிறகு அழுத்தினால் தாமதம். நம் விரலுக்கே ஐந்தில் ஒரு நொடி ஆகும். முகம் தெளிந்து கண் தெளியப் போகிறது என்னும்போதே அழுத்தி, சாய்வை நிறுத்தாமல் மூன்று நான்கு படங்கள் தொடர்ந்து எடுங்கள். 1/16 சக்தியில் ஃபிளாஷ் அதற்கு ஈடுகொடுக்கும். ஒன்றில் தளம் கண்ணைக் கடக்கும்.

உட்கார்ந்திருக்கும் பூச்சிக்கு ஒரு அருமையான பிடி இருக்கிறது. பூச்சி இருக்கும் காம்பை, அதற்குக் கொஞ்சம் கீழே, இடது கையின் கட்டை விரலாலும் ஆட்காட்டி விரலாலும் மெதுவாகப் பிடியுங்கள். லென்ஸின் முனையை அதே கையின் மணிக்கட்டு மேல் சாய்த்து வையுங்கள். இப்போது பூவும் லென்ஸும் ஒரே கையில் இருப்பதால் சேர்ந்தே ஆடும். காற்றடித்தாலும் இடையே உள்ள தூரம் மாறாது. விரலை லேசாக மடக்கி நீட்டினால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக ஃபோகஸை நகர்த்தலாம். அதிகாலையில் இது மிக நன்றாக வேலை செய்யும். குளிர்ந்த உடம்போடு பூச்சிகளால் உடனே பறக்க முடியாது; பம்பிள்பீ (ரோமம் அடர்ந்த பெரிய தேனீ வகை) பறக்க அதன் மார்புப் பகுதி சுமார் 30 டிகிரி செல்சியஸ் சூடேற வேண்டும். கூட்டமாக வாழாத தனித் தேனீக்களில் சில வகைகள் இரவில் ஒரு காம்பைத் தாடையால் கவ்விப் பிடித்தபடியே தூங்கும். விடியும்போது அவை அங்கேயே இருக்கும். அந்த நேரத்தில் ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து மென்பொருளில் அடுக்கிச் சேர்ப்பதையும் கையில் பிடித்தே செய்யலாம். பறக்கும் பூச்சிக்கு அடுக்குமுறை கிடையாது. ஒரே படத்தில் என்ன விழுகிறதோ அதுதான்.

ஆகவே பறப்பதை எடுக்க, அதைத் துரத்தக் கூடாது, அது வரும் இடத்தில் இருக்க வேண்டும். ஈ நொடிக்கு இரண்டு மீட்டர் போகும். நாம் பார்த்து அழுத்துவதற்குள் முப்பது நாற்பது செ.மீ. தாண்டிவிடும். ஆனால் எல்லாப் பூச்சிகளுக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஆண் ஹோவர்ஃப்ளை தன் இடம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். கடந்து போகும் எதையாவது விரட்டிவிட்டு அதே இடத்துக்குத் திரும்பும். அது போனதும் நீங்கள் நகராமல், அது நின்ற இடத்துக்கு லென்ஸைக் கொண்டுபோய்க் காத்திருங்கள். தட்டான் ஒரே குச்சி நுனிக்குத் திரும்பித் திரும்பி வரும். நுனிக்குச் சற்று முன்னால் ஃபோகஸை வைத்தால் இறங்கும் கணம் கிடைக்கும். நீண்ட கதிர் போன்ற பூங்கொத்தில் பம்பிள்பீ பெரும்பாலும் கீழிருந்து மேலாகவே பூக்களை எடுத்துக்கொண்டு போகும். அடுத்த பூ எது என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். இறங்குவதற்கு முந்தைய கணத்தில் தேனீ வேகத்தைக் குறைத்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கிட்டத்தட்ட நின்றுவிடும். பூவின் உதட்டிலிருந்து ஒரு உடல் நீளம் முன்னால்தான் நீங்கள் எடுக்க வேண்டிய இடம்.

கோணமும் முக்கியம். பூச்சியின் உடம்பு சென்சாருக்கு இணையாக, பக்கவாட்டில் இருந்தால் தலை முதல் வால் வரை ஒரே மெல்லிய தளத்துக்குள் அடங்கும். நேர் முகம் எடுத்தால் கண்கள் மட்டும் கூர்மையாகி உடம்பு கரைந்துவிடும். அதுவும் அழகுதான், ஆனால் தவறும் வாய்ப்பு அதிகம். பழகும் வரை பக்கவாட்டில் எடுங்கள். நெருங்கும்போது பக்கவாட்டில் அசையாமல், நேராக, மிக மெதுவாகப் போங்கள். நம் கண் நொடிக்கு 60 சிமிட்டல் அளவில் ஒளியைத் தொடர்ச்சியாகப் பார்க்கத் தொடங்கிவிடும். வேகமாகப் பறக்கும் ஈக்களின் கண் 200-க்கு மேலும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும். விவரம் குறைவாகத் தெரிந்தாலும் அசைவு அவற்றுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். உடையின் நிறம் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். அசைவோடு ஒப்பிட்டால் அது பெரிய விஷயமாக எனக்குப் படவில்லை.

கருவிகள் பற்றி. உங்கள் 100 மி.மீ. லென்ஸில் 1:1-இல் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே சுமார் 13 முதல் 15 செ.மீ. இருக்கும், 60 மி.மீ. லென்ஸ் என்றால் 9 செ.மீ. போல. உங்களுக்கு வேறு லென்ஸ் தேவையே இல்லை. இதைப் படிக்கும் வேறு யாரிடமாவது மேக்ரோ லென்ஸ் இல்லை, 200 மி.மீ. ஸூம் மட்டும் இருக்கிறது என்றால், ரேநாக்ஸ் 250 போன்ற 8 டயாப்டர் (லென்ஸின் சக்தியைச் சொல்லும் அளவு) குளோசப் லென்ஸை முன்னால் மாட்டினால் 1.6 மடங்கு வரை போகலாம், தூரமும் 12 செ.மீ.க்கு மேல் கிடைக்கும். ட்ரைபாட் விடியற்காலைப் பூச்சிகளுக்கு உதவும். பறப்பதற்குப் பெரும்பாலும் இடைஞ்சல். ஒற்றைக்கால் மோனோபாட் அல்லது ஒரு சாதாரணக் குச்சியைத் தரையில் ஊன்றி லென்ஸோடு சேர்த்துப் பிடிப்பது முன்பின் ஆட்டத்தை நன்றாகவே குறைக்கும். ஆட்டோஃபோகஸ் விஷயத்தில் இன்று கருத்து பிரிந்திருக்கிறது. 2022-இல் வந்த சோனி ஏ7ஆர் 5 போன்ற கேமராக்கள் பூச்சியை அடையாளம் கண்டு பின்தொடர்கின்றன. 1:3 வரை இவை உண்மையிலேயே உதவும், 1:1-ஐ நெருங்கும்போது உடம்பைச் சாய்த்து எடுப்பதே இன்னும் நம்பகம் என்பது என் எண்ணம். ஒலிம்பஸ் 2016-இல் ஈ-எம்1 மார்க் 2-இல் கொண்டுவந்த, பட்டனை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய படங்களையும் சேர்த்துப் பதியும் வசதி, பூச்சி எழும்பும் கணத்துக்கு அருமை. ஆனால் அது எலெக்ட்ரானிக் ஷட்டரில் இயங்குவது. சென்சார் வரிவரியாகப் படிப்பதால் வேகமான இறக்கை வளைந்து தெரியலாம், ஃபிளாஷின் உதவியும் கிடைக்காது. நல்ல வெயிலும் மெதுவாக இறக்கையடிக்கும் பூச்சியும் அமைந்தால் பயன்படுத்துங்கள்.

எதிர்பார்ப்பையும் சரியான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தரத்தில் பறக்கும் பூச்சியின் இறக்கை நரம்பு வரை தெரியும் புகழ்பெற்ற படங்கள் பல கையில் பிடித்து எடுத்தவை அல்ல. 1970-களில் இந்தத் துறையைத் திறந்துவிட்ட பிரிட்டிஷ் ஒளிப்படக்காரர் ஸ்டீபன் டால்டன், அறைக்குள் அமைத்த பறக்கும் பாதையில் பூச்சி ஒரு ஒளிக்கற்றையைக் குறுக்கே வெட்டியதும் தானாகவே திறக்கும் ஷட்டரையும், 1/25,000 நொடி எரியும் தனி ஃபிளாஷையும் வைத்து எடுத்தார். அவருடைய பறக்கும் பூச்சிப் படம் ஒன்று 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்கத் தட்டில் இருக்கிறது. கையில் கேமராவோடு தோட்டத்தில் நிற்கும் நமக்கு, எடுத்ததில் பெரும்பகுதி தவறும். நன்றாகப் பழகியவர்களுக்கும் அப்படித்தான். தவறிய படங்கள் எந்த வகையில் தவறின என்று பார்த்துக்கொண்டே வந்தால், சில வாரங்களில் ஃபோகஸ் தவறுவது குறைந்து, மிஞ்சுவது பூச்சியின் அசைவு மட்டும் என்ற நிலைக்கு வருவீர்கள்.

தொடங்க ஒரு செட்டிங் சொல்கிறேன்: மேனுவல், 1/200, எஃப் 11, ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷ் மேனுவலில் 1/16, உருப்பெருக்கம் 1:2, நிழலான இடம். இருட்டாக வந்தால் டிஃப்யூசரை அருகே கொண்டுவாருங்கள், அதற்கும் போதவில்லை என்றால் ஐஎஸ்ஓவை 400 ஆக்குங்கள். ஃபிளாஷ் சக்தியைக் கூட்டுவது கடைசி வழியாக இருக்கட்டும். பின்புலம் கறுப்பாகப் போகிறது என்று தோன்றினால், பூச்சிக்குப் பின்னால் கொஞ்ச தூரத்திலேயே இலையோ இன்னொரு பூவோ வரும்படி கோணத்தை மாற்றினால் போதும், ஃபிளாஷ் ஒளி அதன் மேலும் விழும்.

பூச்சி அசையாமல் இருக்க அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுக்கலாம் என்று யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். தயவுசெய்து செய்யாதீர்கள். குளிரில் விறைத்த பூச்சி கால்களை இயல்பாக வைத்திருக்காது, பார்த்துப் பழகியவர்களுக்குப் படத்திலேயே தெரிந்துவிடும், உயிருக்கும் ஆபத்து. பூச்சி இருக்கும் செடியைச் சுற்றி இலைகளைப் பிய்ப்பதும் வேண்டாம், மறைக்கும் புல்லை விரலால் ஒதுக்கிப் பிடித்தால் போதும். தேனீ அல்லது குளவிக் கூடு அருகே எடுப்பதானால் வாசலுக்கு நேரே, அவை வந்துபோகும் பாதையில் நிற்காமல் பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். கொட்டினால் ஒவ்வாமை உண்டாகும் உடம்பு என்று தெரிந்தவர்கள் கூடு பக்கமே போகாமல், பூவுக்கு வருபவற்றை மட்டும் எடுக்கலாம்.